நான் எழுதிய ஒரு வரி

எங்கள் வாசகர் வட்டத்தின் விதிகள் ஒரு தாளில் அடங்கிவிடும். மாதம் ஒரு கூட்டம். பேச விரும்புகிறவர் சீட்டில் பெயரும் தலைப்பும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வரிசைப்படி முறை வரும். ஆளுக்கு இருபது நிமிடம், பிறகு கேள்விகள். இவற்றோடு ஆறாவதாக ஒரு வரி இருந்தது: "யாருடைய மனத்தையும் புண்படுத்தாத கருத்துகளுக்கே இங்கே இடம் உண்டு." அந்த வரியை எழுதியது நான்.

எழுதக் காரணம் இருந்தது. ஒரு கூட்டத்தில் ஒருவர் மற்றொருவரின் கடவுள் நம்பிக்கையைக் கிண்டல் செய்யப்போய், வார்த்தை தடித்து, நாற்காலிகள் கவிழ்ந்து, ஏறக்குறைய கைகலப்பில் முடிந்தது. செயலாளர் நான்தான். அன்றிரவே உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி ஏற்றுக்கொள்ளப்படும் விதி என்றாலே எனக்கு இப்போது கொஞ்சம் பயம்.

இரண்டு ஆண்டுகள் அந்த வரிக்கு வேலையே வரவில்லை. பிறகு என் தோழியின் முறை வந்தது. நோயில் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு பிரார்த்தனை செய்வதை ஏன் நிறுத்தினேன் என்று எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். மூன்றாவது பத்தியிலேயே இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். "எங்கள் மனம் புண்படுகிறது. ஆறாவது விதியைப் பாருங்கள்" என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். "விதியில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொன்னேன்.

அவள் வாதாடவில்லை. அந்த எட்டுப் பக்கத்தையும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

என் வரியில் எங்கே கோளாறு என்று எனக்குப் புரியவைத்தவர் எங்கள் வட்டத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். வக்கீல் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "அம்மா, மனம் புண்பட்டதா இல்லையா என்று யார் சொல்வது? புண்பட்டவர்தானே? அப்படியானால் வாதியும் அவரே, சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே. இதற்கு விதி என்று பெயர் வைக்கலாமா?" என்று கேட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்த கதையைச் சொன்னார். கணினியிலோ கைபேசியிலோ அனுப்பிய செய்திக்காக, எரிச்சல், அசௌகரியம் போன்ற சொற்களை வைத்து மூன்று ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப வழிசெய்த பிரிவு அது. இந்தச் சொற்களுக்கு எல்லையே கிடையாது, எதையும் இவற்றுக்குள் அடைத்துவிடலாம் என்பது நீதிமன்றம் கண்ட குறைகளில் முக்கியமானது. ஒன்றை விவாதிப்பது, அதை ஆதரித்து வாதிடுவது, தூண்டிவிடுவது ஆகிய மூன்றும் வேறு வேறு, மூன்றாவதைத் தொடும்போதுதான் சட்டம் கைவைக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நாடாளுமன்றம் செய்த தவற்றை நான் ஒரு தாளில் செய்து வைத்திருந்தேன்.

விதியை மாற்ற இரண்டு கூட்டங்கள் பிடித்தன. "அப்படியானால் சொல்லால் யாருக்கும் தீங்கே வராதா?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. 1994-ல் ருவாண்டாவில் ஒரு வானொலி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் அவர்கள் ஒளிந்திருந்த இடங்களையும் வாசித்தது. அதை நடத்தியவர்களைச் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. அதைக் கருத்துரிமை என்று யாரும் சொல்லப்போவதில்லை. வக்கீல் ஐயா அவருக்கு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் சொன்ன உதாரணத்தை எடுத்துச் சொன்னார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் அது கருத்து. அதே வாக்கியத்தை வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன்னால் சொன்னால் அது தண்டிக்கத்தக்க செயல். வாக்கியம் ஒன்றுதான், நிற்கும் இடமும் நேரமும் அதன் தன்மையை மாற்றிவிடுகின்றன.

அதை வைத்துத்தான் புதிய ஆறாவது விதியை எழுதினோம். யாரையும் மிரட்டக் கூடாது, யாருக்கும் தீங்கு செய்யத் தூண்டக் கூடாது. அரங்கில் இருக்கும் எந்த ஆளையும் சுட்டித் தாக்கக் கூடாது. பேசுகிறவரைக் கத்தி அடக்கக் கூடாது. இவ்வளவுதான். "மனம்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

இப்படி ஒரு விதியை எழுத நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சண்டை எதுவும் இல்லாத மாதத்தில் எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகம் கண்முன் நிற்கும்போது எழுதினால், அவரைப் பிடிக்க ஒரு வலையைப் பின்னுவீர்கள். அதில் முதலில் யார் சிக்குவார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது.

எட்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது ஒரு சீட்டு இருந்தது. ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் போட்டது. எப்போதாவது வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் கேட்டுவிட்டுப் போகிறவர். நேர்த்தியான கையெழுத்தில் தலைப்பு எழுதியிருந்தார்: "அறிவுத்திறன் குறைந்தவர்களுக்குச் செலவிடும் பொதுப்பணம் வீண்."

என் தம்பிக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு. பெயர் எழுதுவான், நூறு வரை எண்ணுவான், தனியாகச் சாலையைக் கடக்க மாட்டான். எங்கள் கூட்டத்துக்கு நாற்காலி போடுவது அவன்தான். யாரும் அவனிடம் ஒப்படைத்த வேலை இல்லை, அவனாக எடுத்துக்கொண்டது. தரையின் ஓட்டு விளிம்போடு முன்கால்களைச் சேர்த்து வைப்பான். வரிசைக்கு எட்டு. ஒன்று விலகினாலும் திரும்ப வந்து சரிசெய்வான். கூட்டம் முடிந்ததும் அவரவர் நாற்காலியை அவரவரே மடித்துச் சுவரோரம் சாய்க்க வேண்டும் என்பது அவன் போட்ட விதி. எங்கள் தாளில் இல்லாவிட்டாலும் எல்லோரும் கீழ்ப்படிகிற விதி அது ஒன்றுதான்.

சீட்டைப் பிடித்த என் கை நடுங்கியது. அதைக் கிழித்துப்போட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் ஒரு கணம் வந்து போனது. வரவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

செயற்குழுவில் பெரும்பாலானவர்கள் அவரை அனுமதிக்கவே கூடாது என்றார்கள். என் மேல் உள்ள அன்பினால்தான் சொன்னார்கள், அதுதான் இன்னும் சிரமம். நேராக மறுக்க விதி இல்லை என்று தெரிந்ததும் சுற்றுவழிகள் புறப்பட்டன. அரங்கம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். முழு உரையையும் இரண்டு வாரம் முன்னால் எழுத்தில் கேட்கலாம். ஏதாவது சேதமானால் அவர் பொறுப்பு என்று ஒரு வைப்புத்தொகை வாங்கலாம். இவற்றில் எதையும் அதுவரை யாரிடமும் நாங்கள் கேட்டதில்லை. ஒப்புக்கொள்கிறேன், வைப்புத்தொகை யோசனை எனக்குப் பிடித்திருந்தது. மறுக்கிற பாவம் நம் தலையில் விழாது, அவராகவே போய்விடுவார்.

வக்கீல் ஐயா அப்போதுதான் ஸ்கோக்கி கதையைச் சொன்னார். சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். யூதர்கள் பெருமளவில் வாழ்ந்தார்கள், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஹிட்லரின் கொலைகளிலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள். 1977-ல் அமெரிக்க நாஜிக் குழு ஒன்று அங்கே ஊர்வலம் போகப்போவதாக அறிவித்தது. ஊர் நிர்வாகம் போட்ட தடைகளில் ஒன்று, ஊர்வலம் நடத்துகிறவர் மூன்றரை லட்சம் டாலருக்குக் காப்பீடு காட்ட வேண்டும் என்பது. நாஜிகளுக்காக நீதிமன்றம் போனது அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம். வாதாடிய வழக்கறிஞர் ஒரு யூதர். அந்தச் சங்கத்தின் தலைமை நிர்வாகி ஆர்யே நையர் 1937-ல் பெர்லினில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே நாஜிகளிடமிருந்து தப்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சங்கத்திலிருந்து உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். நீதிமன்றங்கள் தடைகளைத் தகர்த்தன. கடைசியில் நாஜிகள் ஸ்கோக்கிக்குப் போகவே இல்லை, சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

"அந்தக் காப்பீட்டு நிபந்தனையால் யாருக்கு ஆபத்து தெரியுமா? மனித உரிமை கேட்டு ஊர்வலம் போகிற ஏழைக்குத்தான். அவனிடம் மூன்றரை லட்சம் ஏது?" என்றார் ஐயா. வைப்புத்தொகை யோசனையை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை.

"அவர் பேசினால் கலாட்டா ஆகும், பாதுகாப்புக்காக ரத்து செய்வோம்" என்று ஒருவர் கடைசியாக ஒரு வழி சொன்னார். கலாட்டா செய்யப்போவது யார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அவரேதான். ஒரு தமிழ்ப் படம் தொடர்பான வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: ஆர்ப்பாட்டமும் வன்முறையும் வரும் என்ற மிரட்டலுக்காக ஒரு கருத்தை அடக்கினால் அது மிரட்டலுக்குச் சரணடைவதாகும். கத்தப்போகிறவரைத் தடுப்பதை விட்டுவிட்டுப் பேசப்போகிறவரைத் தடுத்தால், அடுத்த மாதம் கத்துவதற்கு ஆள் கூடும்.

இன்னொரு வாதம் வந்தது, அதை நான் மதிக்கிறேன். "நாம் அரசாங்கமா? நமக்குப் பிடிக்காதவருக்கு மேடை கொடுக்க எந்தச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது?" உண்மைதான். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அவரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமா என்று கேட்டிருந்தால் நானே முதலில் கைதூக்கி வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் நாங்கள் அழைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று எழுதிப் பெட்டியை வைத்தோம், அவர் கொடுத்தார். விருந்தினரைத் தேர்ந்தெடுப்பது வேறு, பொது வரிசையில் நிற்கிறவரை வரிசையிலிருந்து இழுத்து வெளியே விடுவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும். எந்த மேடை எந்த வகை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். சீட்டில் தலைப்பை விரலால் மறைத்தேன். பெயர், தேதி, வரிசை எண் எல்லாம் சரியாக இருந்தன. விரலை எடுத்தால் மட்டும் தவறாகத் தெரிந்தது. அப்படியென்றால் தடுப்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே காரணம் தலைப்பு எனக்கு வலிக்கிறது என்பதுதான். அந்தக் காரணத்தைத்தான் நாங்கள் எட்டு மாதம் முன்பு நீக்கியிருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் வேறு யார் வழியாகவாவது தெரிந்தால் இன்னும் மோசம். அம்மா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "அவன் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனையே வேண்டாம் என்று சொல்லப்போகிறார். அதற்கு நீ மைக் பிடித்துக் கொடுக்கப்போகிறாய். அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை அம்மா என்னோடு பேசவில்லை. கொள்கைக்காக நிற்பதன் விலையைப் பற்றிப் பெரிய பெரிய வழக்குகளில் படித்திருக்கிறேன். வீட்டுக்குள் அது இப்படித்தான் வந்தது: அம்மா எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தம்பியிடம் சொல்லி அனுப்பினாள்.

எதிர்ப்புத் தெரிவித்தவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. முதல் வரைவைப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெயரில் உலவும் அந்தப் பிரபல வாக்கியத்தோடு தொடங்கினேன், உன் கருத்தை ஏற்கவில்லை ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்பது. வக்கீல் ஐயா பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டார். "இதை வால்டேர் எழுதவில்லை. அவர் மனப்பான்மையை விளக்க ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906-ல் எழுதிய வாக்கியம். அதோடு, உயிரையெல்லாம் யாரும் கேட்கவில்லை. இருபது நிமிடம் கொடுத்தால் போதும்." பிறகு எண்ணிப் பார்த்தார். "இந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை" என்று ஒரு பக்கத்தில் நான்கு முறை எழுதியிருந்தேன். மூன்றை அடித்தார். "நான்கு முறை சொன்னால் பயந்து சொல்வதுபோல் இருக்கிறது. உரிமை என்று எழுதுகிறாயா, மன்னிப்புக் கேட்கிறாயா?"

கடைசியில் அனுப்பிய கடிதத்தில் இருந்தவை மிகச் சாதாரணமானவை. விதி இது. இந்த உரை அந்த விதியை மீறவில்லை. இதே விதியின்படிதான் உங்கள் சீட்டும் பாதுகாக்கப்படுகிறது. உங்களுக்கு இருக்கும் வழிகள்: வராமல் இருக்கலாம், வந்து கேள்வி கேட்கலாம், மறுத்துப் பேச அடுத்த மாதத்துக்குச் சீட்டுப் போடலாம், வாசலில் அமைதியாகப் பதாகை பிடிக்கலாம். என்ன செய்ய முடியாது என்று மட்டும் எழுதினால் கோபம்தான் மிஞ்சும். என்ன செய்யலாம் என்று நான்கு வழி காட்டியதும் இரண்டு பேர் உண்மையாகவே பதாகை தயாரிக்கப் போனார்கள். எழுத்துப்பிழை பார்க்க என்னிடமே கொண்டுவந்தார்கள்.

ஒரு நண்பர் மட்டும் விடவில்லை. "வெறுக்கத்தக்க பேச்சுக்கு உரிமை கேட்பதெல்லாம் வெறுக்கத்தக்கவர்களுக்குத்தான் உதவும்" என்றார். அதற்கு நான் ஒரு பழைய வழக்கைச் சொன்னேன். நாம் வெறுக்கிற எண்ணத்துக்கும் சுதந்திரம் வேண்டும் என்று அமெரிக்க நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1929-ல் எழுதியது யாருக்காக? ரோசிகா ஷ்விம்மர் என்ற பெண்ணுக்காக. அவர் செய்த குற்றம், குடியுரிமை கேட்டபோது ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னது. அன்று வெறுக்கப்பட்ட எண்ணம் அமைதிவாதம். ஹோம்ஸ் சிறுபான்மைத் தரப்பில் இருந்தார், அந்தப் பெண் வழக்கில் தோற்றார். நண்பர் சற்று யோசித்துவிட்டு, "அந்தப் பெண்ணும் உங்கள் கணக்காளரும் ஒன்றா?" என்று கேட்டார். ஒன்றில்லை. அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. எந்த வெறுப்பு நாளை நியாயமாகும் என்று பிரித்துப் பார்க்கும் திறமை எங்கள் ஏழு பேர் கொண்ட செயற்குழுவுக்கு இல்லை என்பது மட்டும் தெரியும். என் தோழி விஷயத்தில் அது நிரூபணமாகியிருந்தது.

தம்பியிடம் என்ன சொல்வது? அவனைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லி அன்றைக்கு வேறெங்காவது அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அவன் போடாத நாற்காலிகளை நினைத்துப் பார்த்தேன். நேராகவே சொன்னேன். "இந்த மாதம் ஒருவர் பேசுவார். உன்னைப் போன்றவர்களைப் பற்றி நல்லதாகப் பேச மாட்டார். நீ வர வேண்டாம் என்றால் வர வேண்டாம்."

அவன் யோசித்தான். "எத்தனை பேர் வருவார்கள், அக்கா?" என்று கேட்டான்.

வழக்கத்தைவிட அதிகம் என்றேன். அவன் முன்கூட்டியே புறப்பட்டுவிட்டான்.

கூட்டத்துக்கு முன் கணக்காளரைத் தனியாகச் சந்தித்து விதியைப் படித்துக் காட்டினேன். பொதுவாக என்ன வேண்டுமானாலும் வாதிடலாம், அரங்கில் இருக்கும் யாரையும் சுட்டக் கூடாது. அவர் தலையசைத்தார். நாற்காலி போடுகிறவன் என் தம்பி என்பது அவருக்குத் தெரியும். "உங்களுக்குச் சங்கடம் கொடுப்பது என் நோக்கம் இல்லை" என்றார். நோக்கத்தைப் பற்றி விதியில் எதுவும் இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

அன்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். தம்பி கூடுதலாக இரண்டு வரிசை போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கணக்காளர் தாளைப் பார்த்துத்தான் படித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார் என்பது மறந்து, ஏதோ ஆலையின் வரவுசெலவைப் படிப்பதுபோல் இருந்தது. ஒருவேளை கத்திப் பேசியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். பன்னிரண்டாவது நிமிடம் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "எடுத்துக்காட்டாக, இங்கே நாற்காலி போடுகிறாரே, அந்தத் தம்பியையே..."

மணியை அடித்தேன்.

"கருத்தைப் பேசுங்கள் ஐயா. ஆளைச் சுட்டாதீர்கள்."

அரங்கம் அப்படியே நின்றது. நான்கு பேர் பாதி எழுந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். கோடு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால்தான் அவரும் தகராறு செய்யாமல் நின்றார். அந்த நேரத்தில் நான் புதிதாக எதையாவது சொல்லியிருந்தால் அது அக்காவின் கோபமாக மட்டுமே கேட்டிருக்கும்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது, என்னுடையது. கேள்வி நேரத்தில் முதல் கேள்வியை நானே கேட்டேன். கேள்வியாகத் தொடங்கியது ஐந்து நிமிட மறுப்புரையாக முடிந்தது. பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலைகள், குடும்பங்கள் சுமக்கும் பாரம், ஒரு சமூகம் யாரை எண்ணிக்கையில் சேர்க்கிறது என்பது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கைதட்டல் பலமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் வக்கீல் ஐயா, "நன்றாகப் பேசினாய். ஆனால் கையில் மணியை வைத்துக்கொண்டு பேசினாய்" என்றார். அது உறைத்தது. எனக்கு யார் மணி அடித்திருக்க முடியும்? பதில் சொல்ல விரும்புகிறவர் நடுவராக இருக்கக் கூடாது. மணியை அன்று வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று எல்லோரையும்போல் இரண்டு நிமிடம் கேட்டிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம். தலைப்பு தன்னைத் தொடுகிறது என்று நினைக்கும் செயலாளர் அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கிவிடுவார்.

கணக்காளர் மனம் மாறவில்லை. என் மனமும் மாறவில்லை. ஆனால் அவர் உரையில் ஒரு கேள்வி இருந்தது: பெற்றோர் போன பிறகு இவர்களை யார் பார்ப்பார்கள், அதற்கு ஒரு ரூபாயாவது யாராவது திட்டமிட்டு ஒதுக்கியிருக்கிறீர்களா? அவர் அதை வேறு முடிவுக்காகக் கேட்டார். நானும் அம்மாவும் பத்து ஆண்டுகளாகப் பேசாமல் தள்ளிவைத்திருந்த கேள்வி அதுதான். அம்மா மறுபடி என்னோடு பேசத் தொடங்கியபோது முதலில் பேசியது அதைப் பற்றித்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்லும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை.

அன்று கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தாள்களை அடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "மடித்து வையுங்கள்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவர் திரும்பி வந்தார். நாற்காலியின் கொக்கி எங்கே என்று தெரியாமல் தடவினார். தம்பி காட்டிக்கொடுத்தான்.

அடுத்த வாரம் தோழி வீட்டுக்குப் போனேன். புதிய விதித் தாளைக் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். "இதை எழுதுவதற்கு உனக்கு எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டாள். இரண்டு கூட்டம் என்றேன். "அந்த இன்னொரு வரியை ஒரே ராத்திரியில் எழுதினாய்" என்றாள். வருவதாகவும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. நான்கு மாதம் கழித்துப் பெட்டியில் அவள் சீட்டு இருந்தது. அதே தலைப்பு.

அறிவிப்பு ஒட்டிய மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. நேர்த்தியான கையெழுத்து. கடவுளை மறுக்கும் இப்படிப்பட்ட உரை தன்னைப் போன்ற நம்பிக்கையாளர்களின் மனத்தை ஆழமாகப் புண்படுத்தும், வட்டத்தின் பெயருக்கும் அது நல்லதில்லை, தயவுசெய்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கணக்காளர் கேட்டிருந்தார்.

கோப்பைத் தேடி, அவருக்காக அன்றைக்கு எதிர்ப்பாளர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்தேன். விதி இது. இந்த உரை அந்த விதியை மீறவில்லை. இதே விதியின்படிதான் உங்கள் சீட்டும் பாதுகாக்கப்படுகிறது. உங்களுக்கு இருக்கும் வழிகள் நான்கு. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, உறையில் போட்டு ஒட்டினேன்.